சொல்லிக்கொள்ளாமல்

நியூ ஜெர்சி மாநிலம் ஜாக்சனில் இருக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் கேளிக்கைப் பூங்காவில், 2025 பிப்ரவரி 28 அன்று காலை, 456 அடி உயர இரும்புக் கோபுரம் ஒன்றை வெடிவைத்துச் சாய்த்தார்கள். அதன் பெயர் கிங்டா கா. 2005-இல் திறந்தபோது உலகத்திலேயே உயரமானதும் வேகமானதுமான ரோலர் கோஸ்டர் அதுதான். நின்ற நிலையிலிருந்து மூன்றரை விநாடியில் மணிக்கு 128 மைல் வேகத்தை எட்டிச் செங்குத்தாக மேலேறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, மறுபக்கம் சுழன்றபடி விழும். வேகத்துக்கான பட்டத்தை 2010-இல் அபுதாபியின் ஃபார்முலா ரோஸா பறித்துக்கொண்டது. உயரத்துக்கான பட்டம் இருபதாவது வயதில் அது மூடப்பட்ட நாள்வரை அதனிடமே இருந்தது.

கோபுரம் சாய்ந்த காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். எனக்கு அந்தக் காணொளியைவிட முக்கியமாகப் படுவது அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முந்தைய ஒரு தேதி. 2024 நவம்பர் 14 அன்று பூங்கா நிர்வாகம், கிங்டா கா, கிரீன் லேண்டர்ன், ட்விஸ்டர், பாராசூட், ஸ்கை வே ஆகியவற்றை நீக்குவதாக அறிவித்தது. கிங்டா கா கடைசியாக ஓடியது நவம்பர் 10 அன்று. அதாவது, இதுதான் கடைசி நாள் என்று யாருக்கும் தெரியாமலேயே கடைசி நாள் முடிந்துபோயிருந்தது. அன்று வரிசையில் நின்றவர்கள் அதைச் சாதாரண இலையுதிர்கால ஞாயிறு என்று நினைத்துத்தான் ஏறி இறங்கியிருப்பார்கள்.

தமிழில் விடைபெறுவதற்கு நாம் வீட்டில் புழங்கும் சொல் ‘சொல்லிக்கொள்வது’. விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது “பாட்டியிடம் சொல்லிக்கொண்டாயா?” என்று கேட்போம். சொல்லிக்கொள்ளாமல் போனவரைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவோம். போகக்கூடாது என்று அவரை யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. போனதில் மனத்தாங்கல் இல்லை, போன விதத்தில்தான். பழையதாகிவிட்ட ஒன்றை அதன் உடைமையாளர் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, அதை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு அவர் ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா என்ற கேள்வியை இந்தச் சொல்லை வைத்துக்கொண்டே யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்ப்போம். ரோலர் கோஸ்டர் சிலையைப் போல நிறுத்தி வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை. பூங்கா திறக்கும் முன் ஒவ்வொரு காலையும் மெக்கானிக்குகள் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் சக்கரங்களையும் பார்த்துக் கையெழுத்திட்டாக வேண்டும். கிங்டா காவின் உந்துவிசை ஹைட்ராலிக் முறையில் அமைந்தது. அழுத்தத்தில் தேக்கிய ஆற்றலை ஓரிரு நொடிகளில் விடுவித்து, கம்பி வடத்தால் ரயிலை இழுத்து எறியும் அமைப்பு. விசை போதாமல் போனால் ரயில் உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்கும். அதைப் பிடித்து நிறுத்தக் காந்தத் தடைகள் காத்திருக்கும். இத்தனை விசையில் ஓடுகிற இயந்திரம் அடிக்கடி படுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அதன் அக்காவான டாப் த்ரில் டிராக்ஸ்டர், ஒஹையோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 2003-இல் திறந்தது. 2021 ஆகஸ்ட்டில் அதன் ரயிலிலிருந்து கழன்ற உலோகத் துண்டு ஒன்று, கீழே வரிசையில் நின்றிருந்த பெண்ணின் மீது விழுந்து பலத்த காயம் ஏற்படுத்தியது. அந்தப் பூங்கா கோபுரத்தை வைத்துக்கொண்டு ஹைட்ராலிக்கைக் கழற்றிக் காந்த உந்துவிசையைப் பொருத்தி, 2024 மே மாதம் புதுப் பெயரில் திறந்தது. சில நாட்களிலேயே மூட வேண்டியதாயிற்று. மறுபடி ஓடியது அடுத்த ஆண்டில்தான். அதே 2024 ஜூலையில் இரண்டு பூங்காக்களின் நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. அக்காவுக்குச் செய்த வைத்தியத்தின் செலவையும் சிரமத்தையும் பார்த்துவிட்டுத் தங்கைக்கு அது வேண்டாம் என்று ஒரு நிர்வாகம் நினைத்தால், அதில் அநியாயம் ஏதும் இல்லை.

பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் உரக்க எழும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு தேதியும் இதே பூங்காவின் வரலாற்றில் உண்டு. 1984 மே 11 அன்று இங்கிருந்த ‘ஹாண்டட் காசில்’ என்ற பேய் மாளிகையில் தீப்பிடித்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். லாரி டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய அந்த இருட்டு வழிகளில் புகை உணரும் கருவியும் இல்லை, தானாக நீர் தெளிக்கும் அமைப்பும் இல்லை. ஒரு சவாரி நீடிக்கலாமா என்பதை முடிவு செய்யும்போது நம் நினைவுகளின் எடை, ஒரு குழந்தையின் உயிருக்கு முன் ஒன்றுமே இல்லை. ஆகவே, ‘எனக்குப் பிடித்தது, அதனால் அது இருந்தாக வேண்டும்’ என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்த இடத்தில் நான் ரசிகர்களோடு நிற்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் இழந்துவிட்டதாக வருந்தும் பொருளே, வேறொருவர் இழந்ததன் மீது நின்றதுதான். இந்தப் பூங்கா 1974-இல் தொடங்கியது. 1979-இல் வந்த ரோலிங் தண்டர் என்ற மர ரோலர் கோஸ்டரை 2013-இல் எடுத்துவிட்டுத்தான், அடுத்த ஆண்டு கிங்டா கா கோபுரத்தோடு ஒட்டி ஸுமாஞ்சாரோ என்ற வீழ்சவாரியை வைத்தார்கள். இப்போது கோபுரத்தோடு அதுவும் போய்விட்டது. 1989-இல் வந்த கிரேட் அமெரிக்கன் ஸ்க்ரீம் மெஷினை 2010-இல் எடுத்த இடத்தில்தான் கிரீன் லேண்டர்ன் வந்தது. அதுவும் புதியது இல்லை. கென்டக்கி மாநிலப் பூங்கா ஒன்றில் ‘சாங்’ என்ற பெயரில் 1997 முதல் ஓடி, பிரித்து லாரிகளில் ஏற்றப்பட்டு, இங்கே பெயரும் நிறமும் மாறி இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது. தலைக்கு மேலே தொட்டில்களில் போகும் ஸ்கை வே, 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் இங்கே வந்துசேர்ந்தது. கொஞ்சம் யோசித்தால் இந்தப் பூங்காவே குடிபெயர்ந்தவர்களின் குடியிருப்பு போலத்தான். யாரும் பூர்வகுடி இல்லை.

ஆனாலும் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘அசல்’ பூங்கா மனத்தில் இருக்கிறது. நாம் முதன்முதலாகப் பார்த்த ஆண்டின் பூங்காதான் அது. எச்-1பி விசாவில் 2000-களில் எடிசனுக்கும் பிஸ்கட்டவேக்கும் வந்து இறங்கியவர்களுக்கு, கிங்டா கா இல்லாத கிரேட் அட்வென்ச்சர் கிரேட் அட்வென்ச்சரே இல்லை. நமக்குப் பத்தாண்டுகள் முன்பே வந்தவர்கள் ஸ்க்ரீம் மெஷினைச் சொல்வார்கள். ஊர் விஷயத்திலும் இப்படித்தான். நாம் விமானம் ஏறிய ஆண்டோடு ஊரின் கடிகாரத்தை நிறுத்திவிட்டோம். அதற்குப் பின் திறந்த கடைகளெல்லாம் நமக்குப் புதுக்கடைகள். இருபது வருடமாக நடந்தாலும் சரி.

அப்படியானால் எதையுமே காப்பாற்றக் கூடாதா? காப்பாற்றியிருக்கிறார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927-இல் திறந்த சைக்ளோன் இன்றும் ஓடுகிறது. எழுபதுகளில் அதை இடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்க நகர நிர்வாகம் திட்டமிட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. 1975-இல் ஒரு நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு ஓட்டியது. 1988-இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது என்ன? தண்டவாளத்தின் மரப்பலகைகள் தேயத் தேய மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஊர்த் தேருக்கு அச்சும் சக்கரமும் மாற்றுகிற கதைதான். டெக்சஸில் 1990-இல் மரத்தால் கட்டிய டெக்சஸ் ஜயன்ட், 2011-இல் இரும்புத் தண்டவாளம் பெற்றுப் பெயருக்கு முன்னால் ‘நியூ’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அதைப் பழையது என்பதா, புதியது என்பதா?

பொருளின் பக்கம் இருந்து இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. பராமரிப்பவர் பக்கம் இருந்து பார்த்தால் கிடைக்கும். ஒன்று நீடிக்கிறது என்றால், தினமும் யாரோ அதற்கு உழைக்கிறார்கள், யாரோ பணம் கட்டுகிறார்கள் என்று பொருள். சைக்ளோன் நினைவுகளால் நிற்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பலகை மாற்றும் தச்சர்களால் நிற்கிறது. ஆகவே, எது இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில், வருடத்துக்கு ஒருமுறை வந்து புகைப்படம் எடுத்துக்கொள்பவரைவிட, தினமும் எண்ணெய் போடுபவருக்குக் கூடுதல் குரல் இருப்பதுதான் நியாயம்.

புலம்பெயர்ந்த நமக்கு இது கசக்கும். ஊரில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடிவீடு கட்டப்போகிறேன் என்று தம்பி சொன்னதும், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு “அந்த முற்றத்தைத் தொடாதே” என்று போனில் சொல்கிறோம். மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீரை இறைப்பது அவன். ஓடு மாற்ற ஆள் தேடி அலைவதும், முழங்கால் வலியோடு படியிறங்கும் அம்மாவைக் கைபிடித்து நடத்துவதும் அவன்தான். நமக்கு அந்த வீடு நினைவு, அவனுக்கு வேலை. நினைவு வைத்திருப்பவர் வேலை செய்பவருக்கு உத்தரவு போட முடியாது.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், நினைவுக்காரர்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்ற இடத்தில் கட்டுரை முடிந்துவிட வேண்டும். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். தமிழர் என்றால் அதற்கு நன்னூலையும் சாட்சிக்கு அழைப்பார்கள். பழையவை போவதும் புதியவை வருவதும் பற்றிப் பவணந்தி முனிவர் சொன்னது மொழி வழக்குகளைப் பற்றி. அதைப் போகிப் பண்டிகை வாழ்த்திலிருந்து அலுவலக ஆட்குறைப்பு வரைக்கும் நாம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அந்த நூற்பாவைக் கடைசிவரை படித்தால், காலப்போக்கில் அப்படி நேர்வது குற்றமாகாது என்றுதான் அவர் சொல்கிறார். குற்றமில்லை என்பது ஒன்று. எப்படிச் செய்தாலும் சரி என்பது வேறொன்று. முதலாவதைச் சொன்னவரின் வாயில் இரண்டாவதைத் திணிக்கிறோம்.

என் தொழிலில் இந்த வேறுபாடு தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. பழைய மென்பொருளை ஓய்வு பெறச் செய்வது எங்கள் வேலையில் பாதி. அதற்கு ஒரு முறை உண்டு: தேதியை முன்கூட்டிச் சொல்வது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றுவிடும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். அந்தத் தேதியால் யாருடைய பழைய கணினியும் பிழைக்கவில்லை. ஆனால் மருத்துவமனைகளும் வங்கிகளும் வீட்டுக் கணக்கு எழுதும் தாத்தாக்களும் தங்கள் ஏற்பாடுகளைச் செய்துகொள்ள நேரம் இருந்தது. எங்களிடம் இன்னொரு மோசமான வழக்கமும் உண்டு. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாத பழைய சர்வரைச் சொல்லாமல் அணைத்துவிட்டு, எங்கிருந்து அலறல் வருகிறது என்று பார்ப்பது. அதன் பெயரே ‘ஸ்க்ரீம் டெஸ்ட்’. அலறுவதற்காகவே மக்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் அந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது சிரித்தேன். ஆனால் அந்த வழக்கத்தின் சாரம் சிரிப்பதற்கு இல்லை. எங்கோ இருக்கும் பயனரைக் கேட்பதைவிட, அவரை வலிக்கச் செய்து கண்டுபிடிப்பது மலிவு என்ற கணக்கு அது.

நிர்வாகங்கள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள் இருக்கலாம். கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும். அடிக்கடி படுத்துக்கொள்ளும் இயந்திரம் அன்றைக்கும் படுத்துக்கொண்டால் ஆயிரம் மைல் ஓட்டி வந்தவர் சண்டைக்கு வருவார். எனக்கு இவை புரிகின்றன. ஆனால் இந்தக் காரணங்களெல்லாம் சொல்பவருக்கு நேரும் சங்கடத்தைப் பற்றியவை. மரணப் படுக்கையில் இருப்பவரின் நிலையை உறவினரிடம் மறைக்கும் மருத்துவரும் ஏறக்குறைய இதே காரணங்களைத்தான் சொல்வார். அழுவார்கள், கூட்டம் கூடும், வேலை கெடும். சொல்லாமல் செய்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காரணத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதே கோனி ஐலண்டில், 1982-இல் ஓட்டத்தை நிறுத்திய தண்டர்போல்ட் என்ற பழைய ரோலர் கோஸ்டரை, இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி 2000 நவம்பரில் நகர நிர்வாகம் திடீரென்று இடித்தது. பின்னர் வழக்கில், அந்த இடிப்புக்குத் தக்க காரணம் இல்லை என்று நடுவர் குழு முடிவு சொன்னது. முடிவு சொன்னபோது தண்டர்போல்ட் இல்லை.

கேளிக்கைப் பூங்காவுக்கே உரிய இன்னொரு கடனும் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய சவாரியின் வாசலிலும் உயரம் அளக்கும் பலகை நிற்கிறது. குழந்தை அதன் அருகில் நிற்கும், ஊழியர் தலைமேல் கை வைத்துப் பார்ப்பார், இல்லையென்று தலையசைப்பார். என் மகள் கிங்டா காவில் நான்கு முறை போயிருக்கிறாள். அவள் தம்பி 2024 கோடையில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றான். அந்தப் பலகை அவனிடம் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. ‘இன்னும் இல்லை’ என்றது. குழந்தைக்கு இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதில் ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது: நீ வளர்ந்து வா, நான் இங்கே இருப்பேன். எழுதிக் கையெழுத்திடாத வாக்குதான். எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. நவம்பரில் செய்தியைக் காட்டியபோது அவன் கோபப்படவில்லை. “அவங்களுக்கு அப்பவே தெரியுமாப்பா?” என்று மட்டும் கேட்டான். ஒரு நிறுவனத்தின் நடத்தையைப் பற்றி நான் கேட்ட சரியான கேள்விகளில் அது ஒன்று. எடுத்தது சரியா என்று அவன் கேட்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்களா என்று கேட்டான்.

இது வெறும் விளையாட்டுச் சாமான், இதற்கு இவ்வளவு ஒழுக்க விசாரம் தேவையா என்று கேட்கலாம். ஊர்க் கோயிலையும் குளத்தையும் இழந்து வந்த தலைமுறையிடமிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்பு. நூலகம் எரிந்ததையும் ஊரே இல்லாமல் போனதையும் கண்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன் ராட்டினத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த இழப்புகளோடு இதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ‘ஊர்’ என்பது எதனால் ஆனது என்று நாம் யோசிப்பதில்லை. நம் ஆற்றங்கரைக்கு அவர்களிடம் இணையானவை பொது நூலகம், பள்ளி மைதானம், ஒரு மால், ஒரு கேளிக்கைப் பூங்கா. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை உள்ளே கொண்டுபோக முடியாதென்று கார் நிறுத்தத்திலேயே தின்று முடித்த இடம். சென்னையிலிருந்து வந்த பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் செருப்பையும் பையையும் காவல் காத்த இடம். பெற்றோர் கை இல்லாமல் முதன்முதலாகப் பயந்து, பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்த இடம். இவையெல்லாம் தனியார் கம்பெனியின் நிலத்தில் நடந்தன என்பது அவர்கள் தவறில்லை. அவர்களுக்கு வாய்த்த பொது இடங்கள் அப்படிப்பட்டவை. நம் இழப்புகளை அவர்கள் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவர்களுடையதைப் பார்த்துச் சிரிக்காமலாவது இருக்கலாம்.

ஆகவே, உடைமையாளரின் கடன் என்று நான் நினைப்பது சிறியது. எதையும் நிரந்தரமாக வைத்திருக்க அவர் கடமைப்பட்டவர் இல்லை. ஆனால் முடிவு செய்துவிட்ட பின் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஒரு தேதி. ஏன் என்று நேர்மையாக இரண்டு வரி. அதை இத்தனை வருடம் ஓட்டிய ஊழியர்களுக்கு, கூட்டம் போன பின் ஒரு கடைசிச் சவாரி. புதியது வரும்போது, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லும் ஒரு சிறு பலகை. நவம்பர் அறிவிப்பிலேயே, பல உலகச் சாதனைகளை முறியடிக்கும் புதிய சவாரி வரப்போவதாகச் சொன்னார்கள். வரட்டும். ஆனால் வரப்போவதைக் காட்டிப் போனதை மறக்கடிப்பது வேறு, போனதைச் சொல்லிவிட்டு வருவதை வரவேற்பது வேறு.

சொல்லிக்கொள்வது இரு தரப்பும் சேர்ந்து செய்வது. அதனால் நம் பக்கமும் ஒரு கடன் இருக்கிறது. தேதி சொன்னால் போக வேண்டும். அடுத்த சித்திரையில் வீட்டை இடிக்கப்போகிறோம் என்று தம்பி ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டால், முற்றத்தைத் தொடாதே என்று போனில் கத்துவதை விட்டுவிட்டு டிக்கெட் போட வேண்டும். போய், முற்றத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்துவிட்டு, இடிக்கும் செலவில் நம் பங்கைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்கள், சொல்லவில்லையே என்று குறைப்பட முடியாது.